வாங்கியாச்சு... வந்து சேர்ந்ததா?

நடுவர் அவர்களே! எதிரணித் தம்பி கேட்டார்: "பணம் சேர்த்து வாங்குறதுதானே கஷ்டம்? கொண்டு வர்றதுக்குத்தான் லாரி இருக்கே?" பீரோ வாங்கி, மாடிப்படியில் திருப்ப முடியாமல் நின்றவர் யாரையும் அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. (சிரிப்பு)

கப்பல் தரையில் ஓடாது என்று வள்ளுவர் இடனறிதலில் அன்றே எச்சரித்துவிட்டார். பெரு நாட்டு அரசாங்கம் குறள் படிக்கவில்லை! அங்கே சுமார் 12,500 அடி உயரத்தில் டிட்டிகாகா ஏரி. அதில் விடுவதற்கு 1861-இல் இங்கிலாந்தில் இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஒன்றின் பெயர் யாவரி. வாங்குற வேலை ஒரு கையெழுத்தோடு முடிஞ்சது.

அப்புறம்தானய்யா தலைவலி! முழுக் கப்பலை மலையில் ஏற்ற முடியுமா? இரண்டும் சேர்த்து 2,766 துண்டுகள். 1862-இல், அன்று பெரு வசமிருந்த அரிக்கா துறைமுகத்தில் இறங்கின. டாக்னா ஊர் வரைக்கும் ரயில். அதற்குமேல் ஆண்டிஸ் மலை. கோவேறு கழுதை முதுகுதான் கதி. நடுவில் ஸ்பெயினோடு சண்டை வேறு. கல்யாணச் சீரில் குத்துவிளக்கின் தலை மட்டும் காணோம் என்றாலே வீடு என்ன பாடு படுது! இங்கே இரும்புத் தகடு ஒரு மலையில், திருகாணி இன்னொரு மலையில்.

ஏரிக்கரையில் எல்லாவற்றையும் பூட்டி, யாவரி தண்ணீரைத் தொட்டது 1870 கிறிஸ்துமஸ் அன்று. எட்டு வருஷம்! பிறந்த பிள்ளை மூணாங்கிளாஸ் போயிடுமே, தம்பி.

இன்னொன்று கேளுங்க. கப்பல் வந்தது, நிலக்கரி? அதையும் மலையேற்றணுமே! கடைசியில் லாமா என்கிற மிருகத்தின் காய்ந்த சாணத்தை எரித்து ஓட்டினார்கள். நம்ம ஊர் வறட்டிதான், நடுவர் அவர்களே! (கைதட்டல்)