அன்னாசி மணம் தரும் பொய்ச்சாட்சி



மலேசியாவில் அன்னாசி மிகுதியாக விளையும் மாநிலம் நம் ஜொகூர். பெக்கான் நானாஸ் என்று ஓர் ஊருக்கே அந்தப் பழத்தின் பெயரைச் சூட்டிய மண் இது. பழுத்த அன்னாசியை அறுத்ததும் வீடெங்கும் பரவுகிறதே ஒரு மணம், அதில் பெரும்பங்கு எஸ்டர் என்னும் சேர்மங்களுடையது. ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கூடி, நீர் பிரிந்து போகும்போது எஸ்டர் பிறக்கிறது. அன்னாசிக்கு ஈத்தைல் பியூட்டிரேட், வாழைப்பழத்துக்கு ஐசோஅமைல் அசிட்டேட் எனப் பழந்தோறும் எஸ்டர்கள் உண்டு. இவற்றை ஆலையிலும் செய்யலாம். மிட்டாயும் குளிர்பானமும் பழமில்லாமலே மணப்பது அப்படித்தான். அதே மணத்தைத்தான் இன்று போதைப்பொருள் வணிகன் களவாடுகிறான். பழச்சாறுத் தூள் போலவும் காப்பித் தூள் போலவும் உறையிட்டு, எக்ஸ்டசி என்னும் போதைப்பொருள் கலந்த பொட்டலங்களை அவன் விற்கிறான்.

சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் படிகமும் எக்ஸ்டசியும் இயல்பில் கசப்பவை. அவற்றுக்குப் பழமணம் கிடையாது. ஆகவே பொட்டலத்தில் மணப்பது போதைப்பொருள் அன்று. மேலே பூசிய வேறொரு சேர்மம். சில வேளைகளில் அது தயாரிப்பில் எஞ்சிய கரைப்பானாகவும் இருக்கலாம்: நகப்பூச்சு நீக்கியில் உள்ள ஈத்தைல் அசிட்டேட்டும் பழம்போலத்தான் மணக்கும். உள்ளே எந்தப் போதைப்பொருள், எத்தனை மில்லிகிராம், எதனோடு கலந்தது என்பதை மூக்கால் அறிய வழியே இல்லை. வாழைப்பழ மணம் தரும் அதே ஐசோஅமைல் அசிட்டேட்தான் தேனீக்களுக்குக் கூட்டைக் காக்கப் பறந்து வந்து கொட்டச் சொல்லும் அபாய அழைப்பு. நமக்கு விருந்தென்று தோன்றும் மணம் தேனீக்குப் போர்முரசு! மணத்தை நம்பிப் பொருளை எடைபோடுவது எவ்வளவு பெரிய பிழை!

“உணவில் அனுமதிக்கப்பட்ட சுவையூட்டிதானே, அதில் என்ன கேடு?” என்று சிலர் கேட்கிறார்கள். வயிற்றுக்கு ஒத்தது நுரையீரலுக்கும் ஒக்கும் என்பது விதியல்ல. வைட்டமின் ஈ அசிட்டேட்டும் ஓர் எஸ்டர்தான். விழுங்கினாலும் தோலில் பூசினாலும் பொதுவாகத் தீங்கில்லாத அந்தப் பொருளை, 2019இல் அமெரிக்காவில் போதை எண்ணெயோடு கலந்து மின்சிகரெட்டில் இழுத்தார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் அங்கு மின்சிகரெட் தொடர்பான நுரையீரல் நோயால் ஏறத்தாழ 2,800 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் மாண்டார்கள். அதற்கு முதன்மைக் காரணியாகச் சுட்டப்பட்டது இந்த எஸ்டர். “ஜொகூரில் 2016 முதலே வேப் எனப்படும் மின்சிகரெட் விற்பனைக்குத் தடை உண்டே, அது போதாதா?” என்பாரும் உண்டு. தடை வேண்டும், அதை மனமார ஆதரிக்கிறேன். ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும். நண்பன் நீட்டும் பொட்டலத்தின் முன்னால் பிள்ளைக்குத் துணை நிற்கப்போவது அவன் அறிவு மட்டுமே.

“இதையெல்லாம் மேடையில் பேசினால் ஆசையைத் தூண்டாதா?” என்ற அச்சம் நேர்மையானது. எனினும் மௌனம் தீர்வாகாது; அதைவிட அச்சமூட்டும் மிகை இன்னும் கெடுதல். 2007இல் ஸ்ட்ராபெரி சுவையூட்டிய மெத்தம்பெட்டமின் பள்ளிப் பிள்ளைகளைக் குறிவைக்கிறது என்று அமெரிக்காவில் பரபரப்பு கிளம்பியது. அதில் பெரும்பகுதிக்கு ஆதாரம் தேறவில்லை. ஒருமுறை பொய்யென்று கண்ட பிள்ளை, அடுத்து நாம் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டான். எனவே உள்ளதை உள்ளபடி சொல்வோம். கசப்பு நம் நாவுக்கு இயற்கை தந்த காவல். அந்தக் காவலனை ஏமாற்றவே பழமணம் பூசப்படுகிறது. இதயத் துடிப்பையும் உடற்சூட்டையும் ஏற்றும் நஞ்சு, இனித்தாலும் தன் வேலையைக் குறைவின்றிச் செய்யும்.

ஆகவே ஆசிரியர்களே, படிவம் ஐந்தின் வேதியியல் பாடத்தில் எஸ்டரைக் கற்பிக்கும் நாளில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அன்னாசியை அறுக்கும் சமையலறையிலேயே இந்தப் பேச்சைத் தொடங்குங்கள். மணம் பழத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்று அறிந்த பிள்ளை, மணக்கும் பொட்டலத்தைக் கண்டதும் “உள்ளே என்ன?” என்று கேட்பான். அந்த ஒரு கேள்வியை நம் பிள்ளைகளின் நாவில் ஏற்றுவதே நம் கடமை.