சந்தன மரத்துல காசு எங்க இருக்கு?

இன்னைக்கு எபிசோட் மரத்தோட விலையைப் பத்தி. ஆனா தோல்ல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா நாம பேசுறது வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கதை.

ஆம்பூர்லயோ வாணியம்பாடியிலயோ டேனரிக்கு வர்ற தோலை முதல்ல விரிச்சுப் பார்த்துத் தரம் பிரிப்பாங்க. உண்ணி கடிச்ச புள்ளி, முள்ளு கிழிச்ச தழும்பு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் விலையைக் குறைக்கும். தோல் எவ்வளவு பெருசுங்கிறது மட்டும் கணக்கு இல்ல. அந்த ஆடு, மாடு எப்படி வளர்ந்துச்சுங்கிறதும் கணக்குதான்.

மரமும் அப்படித்தான். பக்கத்துல ஜவ்வாது மலை இருக்கு, சந்தனத்துக்குப் பேர் போன மலை. திருப்பத்தூர்ல வனத்துறையோட சந்தனக் கிடங்கு இருக்கு. அங்க கட்டைகளைச் சுத்தம் பண்ணி, தரம் பிரிச்சு, எடை போட்டு ஏலம் விடுறாங்க. சுத்தம் பண்றதுன்னா என்ன? வெளியில இருக்கிற வெள்ளைக் கட்டையைச் செதுக்கி எடுக்கிறது. அதுல வாசனை கிடையாது. உள்ள இருக்கிற வைரத்துலதான் எண்ணெய் இருக்கு, காசும் அங்கதான். வேர்ல எண்ணெய் இன்னும் அதிகம். அதனாலதான் சந்தனத்தை அடியோட வெட்டாம வேரோட தோண்டி எடுப்பாங்க.

இந்த வைரம் பாயுறதுக்கு நாளாகும். பத்து வருஷத்துக்கு அப்புறம்தான் பெரும்பாலும் கண்ணுல படுற அளவுக்கு வரும். எவ்வளவு வரும்ங்கிறது வயசு, மண்ணு, தண்ணி, விதையோட வம்சம் எல்லாத்தையும் பொறுத்தது. மலைச் சரிவுல கல்லு மண்ணுல, தண்ணிக்குத் தவிச்சு மெதுவா வளர்ற மரம் ஒல்லியாத்தான் இருக்கும். ஆனா அதுல வைரம் நல்லா பாஞ்சிருக்கும். அதே மரத்துக்குச் சொட்டு நீரும் உரமும் தாராளமா கொடுத்தா சீக்கிரம் பருத்துடும். பருமன்ல பெரும்பகுதி வெள்ளைக் கட்டையா இருந்தா என்ன லாபம்?

இன்னொரு விஷயம். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியோட வேரைப் பிடிச்சுத்தான் தண்ணியும் சத்தும் எடுக்கும். நாத்துல துவரை, அப்புறம் சவுக்கு மாதிரி துணை மரம் இல்லாம தனியா நட்டா தேறாது.

இதை ஏன் இப்போ சொல்றேன்னா, உங்க போன்ல அந்த விளம்பரம் வந்திருக்கும். 'கால் ஏக்கர் வாங்குங்க, சந்தனம் நாங்க வளர்க்குறோம், 15 வருஷத்துல கோடி.' அந்தக் கணக்கு எப்படிப் போடுறாங்கன்னு பாருங்க. மரத்தோட எண்ணிக்கையை வைரக்கட்டை விலையால பெருக்குறாங்க. ஒரு மரத்துல வைரம் எத்தனை கிலோங்கிறதுதான் உண்மையான கேள்வி. அதை நடும்போது யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. இது போக திருட்டு பயம், காவல் செலவு இருக்கு. பட்டா நிலத்துல வளர்க்கலாம், ஆனா வெட்ட வனத்துறை அனுமதி வேணும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்ல. 1990கள்ல சென்னையில அனுபவ் பிளான்டேஷன்ஸ் தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் வாங்குச்சு. கடைசியில கம்பெனி விழுந்து, நிறைய குடும்பத்தோட சேமிப்பு போச்சு.

அப்போ வேகமா வளர்றது எல்லாம் மட்டமா? இல்ல. சவுக்கும் தைலமரமும் காகித ஆலைக்குப் போகுது. அங்க எடைதான் காசு, சில வருஷத்துல வெட்டிடலாம். எந்த வேலைக்கு மரம் வேணுமோ, அதுக்கு ஏத்த மாதிரிதான் மண்ணையும் தண்ணியையும் பார்க்கணும்.

அதனால வீட்டுல அப்பாவோ சித்தப்பாவோ அந்த மாதிரி பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினா, மூணே கேள்வி கேட்கச் சொல்லுங்க. மண்ணு என்ன? துணை மரம் என்ன? இதே தோட்டத்துல இதுவரைக்கும் வெட்டின மரத்துல வைரம் எத்தனை கிலோ வந்துச்சு? மூணாவது கேள்விக்குப் பதில் இல்லைன்னா, பர்ஸை உள்ள வைங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.