நம் வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது?

(எங்கள் பகுதி இளைஞர் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

வீட்டை அழகுபடுத்துவது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒரு தோழர், "என்ன தோழர், பெயிண்ட் கடை ஏதும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கடை ஆரம்பிக்கவில்லை. ஆனால் பெயிண்டர் வீட்டுப் பிள்ளை நான். பொங்கலுக்கு முந்தைய ஒரு மாதம் அப்பாவை வீட்டில் பார்க்கவே முடியாது. ஊர்த் தெருவில் ஏணி மேல் இருப்பார். ஊரில் பாதி வீடுகளின் முகம் அவர் கையால் வந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் சுண்ணாம்புதான், அதுவும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்.

நான் ஏழாவது படித்தபோது ஒரு பெரிய வீட்டு வேலை முடிந்து, அடியில் கொஞ்சம் பச்சை பெயிண்ட் மிஞ்சிய இரண்டு டப்பாக்களை அப்பா கேட்டு வாங்கி வந்தார். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எங்கள் முன்சுவருக்கு அதை அடித்தார். காலையில் அம்மா தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நாலாவது நாள் அந்தப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பா போனார். "ஏன்டா, எங்க வீட்டுக் கலரை உன் வீட்டுக்கும் அடிச்சிருக்கியாமே?" என்று கேட்டார்களாம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அப்பா சுண்ணாம்பு கரைத்தார். பச்சை மறைய மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது.

அப்பா கோழை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அம்பேத்கரைப் படித்தேன். தீண்டப்படாதவர்களுக்கு ஊர் எதையெல்லாம் குற்றமாக வைத்திருக்கிறது என்று அவர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த எழுத்துகளில் அது இருக்கிறது. சுத்தமாக உடுத்துவது குற்றம், நகை போடுவது குற்றம், குதிரை ஏறுவது குற்றம். வீட்டுக்கு ஓட்டுக்கூரை போடுவதும் குற்றம். அதாவது, நம் வீடு பார்ப்பதற்கு எப்படி இருக்க வேண்டும் என்று சாதிக்கு ஒரு திட்டவட்டமான வரைபடம் இருந்தது. தாழ்வாக, கூரையாக, நிறமில்லாமல்.

அந்த வரைபடத்தை மீறினால் என்ன நடக்கும்? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் உழைத்த காசில் ஓரளவு நிமிர்ந்த ஊர் அது. உள்ளே புகுந்த காவல்துறை டி.வி.யை உடைத்தது, மின்விசிறியை உடைத்தது, தையல் மிஷினை உடைத்தது. பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கொளுத்தியது. கலவரத்தை அடக்க வந்தவர்களுக்குத் தையல் மிஷின் மேல் என்ன கோபம்? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் குடியிருப்புகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. சாக்கு, ஒரு காதல் திருமணம். ஆனால் பீரோக்கள் உடைக்கப்பட்டதையும் வண்டிகள் கொளுத்தப்பட்டதையும் அந்தத் திருமணத்தோடு எப்படிப் பொருத்துவீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மும்பை தாதர் இந்து காலனியில் அம்பேத்கர் 1930களில் கட்டிய வீடு ராஜகிருகம். புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு என்று சொல்லலாம். 2020 ஜூலை 7 அன்று அங்கே புகுந்தவர்கள் எதை உடைத்தார்கள் தெரியுமா? பூந்தொட்டிகளை. ஜன்னல் கண்ணாடியை.

"இதெல்லாம் சரி தோழர், சுவருக்கு நிறம் அடிப்பது நடுத்தர வர்க்க ஆசை இல்லையா, அந்தக் காசில் பிள்ளையைப் படிக்க வைக்கலாமே?" என்ற கேள்வி வரும். நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான். நிறம் அடிக்கக் கந்துவட்டி வாங்காதீர்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒழுகாத கூரையும் வெளிச்சமான அறையும் யாருக்கோ உரிய ஆடம்பரம், நமக்கு வேண்டாத சங்கதி என்று நாமே சொன்னால், பச்சைக்கு மேல் சுண்ணாம்பு அடிப்பது நாமாகிவிடுகிறோம்.

இனி கொஞ்சம் தொழில் பேசுகிறேன், அப்பாவிடம் கற்றது. நம்மில் பலர் இருப்பது பழைய தொகுப்பு வீடு. அதற்குப் பெரிய எதிரி ஓதம். தரையிலிருந்து ஈரம் ஏறி, சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழுகிறது. இதைப் பார்க்கச் சகிக்காமல் மேலேயே ஆயில் பெயிண்ட் அடித்து மூடுகிறோம். ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும், ஆறு மாதத்தில் அப்பளம் மாதிரி எழும்பும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா, குழாய் கசிகிறதா, மாடியில் வெடிப்பா? அதை அடைத்து, பொரிந்த பூச்சைச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். அதுவரை சுண்ணாம்பே போதும். சுண்ணாம்பு அடித்த சுவர் ஈரத்தை வெளியே விடும். அதை மட்டமாக நினைக்காதீர்கள். கலர் பொடி கலந்தால் அதிலேயே நல்ல மஞ்சளும் நீலமும் வரும். மொட்டை மாடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கோடையில் உள்ளே சூடு நன்றாகக் குறையும்.

ஒன்றில் மட்டும் விளையாடக் கூடாது. கூரைக் காங்கிரீட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது என்றால் அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. அதன் மேல் சிமெண்ட் அப்பி வெள்ளையடிக்காதீர்கள். பொறியாளர் பார்க்க வேண்டும் என்று ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள், ஒரு வீடாக இல்லாமல் தெருவாகச் சேர்ந்து.

ஆண் தோழர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. முன்சுவருக்கு மூன்று நிறம் அடித்துத் திருஷ்டிப் பூசணியும் கட்டியிருப்பீர்கள் (பகுத்தறிவு பேசுகிறவர் வீட்டிலும் பார்த்திருக்கிறேன்). பின்னால் போய்ப் பார்த்தால் அடுப்படியில் ஜன்னல் இருக்காது, சுவரெல்லாம் கரி. வாஸ்து பார்த்து இருந்த ஜன்னலையும் அடைத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். கையில் இருக்கும் காசை முதலில் அங்கே போடுங்கள். ஒரு ஜன்னல், புகை போக ஒரு வழி, பாத்திரம் கழுவ இடுப்பு உயரத்தில் ஒரு மேடை. வீட்டில் அதிக நேரம் நிற்பவர் யாரோ, அவர் நிற்கும் இடம்தான் முதலில் மாற வேண்டும்.

நகரத்தில் வாடகைக்கு இருக்கும் தோழர்களுக்கு வேறு சிக்கல். வீட்டுக்காரர் வாடகை வாங்க வரும் நாளில் அம்பேத்கர் படத்தைக் கழற்றிப் பீரோவுக்குள் வைப்பவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள். நானும் சென்னையில் இரண்டு வருடம் அதைச் செய்தேன். வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை. நாளைக்கே படத்தை மாட்டிவிட்டு நடுத்தெருவில் நில்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆணி மட்டும் சுவரிலேயே இருக்கட்டும்.

அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து வீட்டுக்கு நிறம் அடிக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன். எனக்கு நீலம் ஆசை. பச்சைதான் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டது. கடையில் அந்தப் பச்சையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழெட்டு அட்டை கொண்டுவந்து காட்டியும் எதைப் பார்த்தாலும் "இது இல்ல" என்றது. கடைசியில் அம்மாவே முன்சுவரில் ஒரு மூலையைக் கரண்டியால் சுரண்டியது. சுண்ணாம்புக்கு அடியில் அது அப்படியே இருந்தது. அந்தச் சில்லை எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

நம் படிப்பகத்தின் பின்சுவர் எப்படி இருக்கிறது என்று வரும்போதே பார்த்திருப்பீர்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுரண்ட ஆரம்பிக்கிறோம். பழைய சட்டை போட்டு வாருங்கள். ஏணி என்னிடம் இருக்கிறது, அப்பாவுடையது.