சுவருக்குள் ஒரு வலை



சுரண்டையிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிய வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வயலிலும் கடையிலும் கடல் கடந்த நாடுகளிலும் உழைத்துச் சேர்த்த பொருள் அவ்வீடுகளில் அடங்கியிருக்கிறது. குடிபுகுந்த இரண்டாம் ஆண்டிலேயே, கான்கிரீட்டுத் தூணும் செங்கற் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு தோன்றுகிறது. வீட்டுக்காரர் கலங்குகிறார். அக்கலக்கம் வீண் அன்று. வெளிச்சுவரில் தோன்றும் அந்தக் கோட்டின் வழியே மழைநீர் இறங்கினால், தூணுக்குள் இருக்கும் கம்பி நாளடைவில் துருப்பிடிக்கும்.

கோடு ஏன் தோன்றுகிறது? நம் பள்ளிப் பிள்ளைகளே கணக்கிட்டுச் சொல்லிவிடக்கூடிய செய்திதான். 10 மீட்டர் நீளமுள்ள கான்கிரீட்டு, வெப்பம் 20 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள செங்கற் சுவரோ ஏறக்குறைய அதில் பாதியே நீளும். ஒன்று ஓட, மற்றொன்று பின்தங்க, இரண்டின்மேலும் போர்த்திய பூச்சு நடுவில் கிழிகிறது. நம் பகுதிக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நில்லாமல், புதுப் பூச்சின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. விரைவில் உலரும் பூச்சு சுருங்கி வெடிக்கிறது.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றில், ஓர் அறையின் உத்தரத்தின் கீழே நீண்ட வெடிப்பு ஒன்று இருந்தது. கோடை விடுமுறைதோறும் சிமிண்டை அடைத்து வெள்ளையடிப்பார்கள். காலாண்டுத் தேர்வுக்குள் அது மறுபடியும் எட்டிப் பார்க்கும். முதிய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "அடைத்தால் நிற்காது ஐயா, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒன்று வேண்டும்" என்றார். அரை முழ அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, கோழி வலை எனப்படும் கம்பி வலையை ஆணியால் அறைந்து, அதன்மேல் பூசினார். பிறகு அந்தக் கோடு வரவில்லை.

அவர் செய்தது புதுமையும் அன்று. மண்சுவர் வைத்த நம் முன்னோர் குழைத்த மண்ணில் வைக்கோலை மிதித்துச் சேர்த்தது இதே நோக்கத்துடன்தான். மண்ணும் காரையும் சிமிண்டும் நசுக்கலைத் தாங்கும், இழுத்தலைத் தாங்கமாட்டா. அந்த இழுவிசையை இழை ஏற்றுக்கொள்கிறது. ஓரிடத்தில் வாய் பிளக்கவேண்டிய வெடிப்பு, கண்ணுக்குப் புலப்படாத நுண்கோடுகளாகப் பரவி அடங்குகிறது.

இன்று கம்பி வலைக்குப் பக்கத்தில் கண்ணாடி இழை வலை வந்திருக்கிறது. துருப்பிடிப்பதில்லை, கத்தரிக்கோலால் வெட்டலாம், சுவரோடு படிந்து கிடக்கும். ஆனால் இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். சிமிண்டு கடுமையான காரத் தன்மை உடையது. சாதாரணக் கண்ணாடி இழையை அக்காரம் சிறிது சிறிதாக அரித்துத் தின்றுவிடும். பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் மஜும்தார் என்னும் அறிஞர் 1960-களில் இக்குறையை ஆராய்ந்து, சிர்கோனியா சேர்ந்த கண்ணாடி காரத்தைத் தாங்கும் என்று காட்டினார். 1971-இல் பில்கிங்டன் நிறுவனம் அத்தகைய இழையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூச்சு வேலைக்கென இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் சாதாரண இழையின்மேல் காரம் தாக்காத பசை பூசியவை. பசை நன்றாக இருந்தால் வலையும் நன்று. இல்லையேல் பூச்சுக்குள் சில ஆண்டுகளில் இழை வலுவிழந்துவிடும். வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே விலையைக் கேட்பதற்குமுன், காரம் தாங்கும் வலைதானா என்று கேளுங்கள். அடுத்து, ஒரு சதுர மீட்டரின் எடை என்ன என்று கேளுங்கள். 45 கிராம் எடையுள்ள மெல்லிய வலை, நீர்க்கசிவைத் தடுக்கும் மேற்பூச்சுகளுக்கு உதவலாம். சுவர்ப் பூச்சின் இழுவையைத் தாங்க 145 முதல் 160 கிராம் வரை உள்ளதை நாடுவதே நலம். வலைக்கண் மணலின் பெரிய பருக்கையைவிட நன்கு அகன்றிருக்கவேண்டும். இல்லாவிடில் பூச்சு இரண்டு ஏடுகளாகப் பிரிந்துவிடும். குறுக்கும் நெடுக்குமான இழைகள் சந்திக்கும் இடத்தை விரலால் தள்ளிப் பாருங்கள். வழுக்கி விலகினால் அந்த வலை வேண்டாம்.

ஐயம் தீராதவர்கள் ஒரு சாண் துண்டு வாங்கி, அதில் பாதியைச் சிமிண்டு கரைத்த நீரில் 28 நாள் ஊறவைத்து, ஊறாத பாதியோடு ஒப்பிட்டுக் கிழித்துப் பார்க்கலாம். கைக்கு உறை வேண்டும். சிமிண்டு நீர் தோலைப் புண்ணாக்கும். ஐரோப்பியச் சோதனை முறை ஒன்றிலும், 28 நாள் காரநீரில் கிடந்த வலை தன் வலிமையில் பாதியையேனும் காத்திருக்கவேண்டும் என்பது விதி.

நல்ல வலையும் வைக்கும் முறையால் கெடுவதுண்டு. காய்ந்த சுவரின்மேல் வலையை விரித்து அதன்மேல் பூசுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அவ்வாறு செய்தால் வலைக்குப் பின்னால் வெற்றிடம் நிற்கும். முதலில் சுவரை நனைத்து ஒரு பூச்சுப் பூசி, ஈரம் மாறுவதற்குள் வலையைக் கரணையால் அதில் அழுத்தி, உடனே மேற்பூச்சுப் பூசவேண்டும். சந்திப்புக்கு இரு புறமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வலை நீளட்டும். ஒரு துண்டின்மேல் மறு துண்டு 10 சென்டிமீட்டர் ஏறட்டும். சன்னல் மூலைகளில் ஒரு துண்டைச் சாய்வாக வையுங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கிருந்தே கிளம்புகிறது. பிறகு ஏழு நாளேனும் சுவரை நனைத்து வாருங்கள். காற்று மாதத்தில் இதை விட்டுவிட்டால், எவ்வளவு விலை கொடுத்த வலையும் முழுப் பயன் தராது.

இன்னொரு செய்தி. சுவரில் படிக்கட்டுபோல ஏறிச் செல்லும் வெடிப்பையோ, ஆண்டுக்காண்டு அகலும் வெடிப்பையோ வலையால் மூடாதீர்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்போல நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் நிலத்தில், அடித்தளமே அசைந்து இவ்வாறு வெடிப்பதுண்டு. அப்போது பொறியாளர் ஒருவரை அழைத்து, முதலில் அடித்தளத்தைத்தான் காட்டவேண்டும்.