டிபிஎஸ் செய்தால் அப்பா பழையபடி நடப்பாரா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் அனுப்பின கேள்வி இது. "அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து பத்து வருஷம் ஆச்சு. நடக்கும்போது கால் அப்படியே நின்னுடுது, விழுந்துடுறார். டிபிஎஸ் ஆபரேஷன் பண்ணினா சரியாகுமா?"

ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடியே பதிலை ஓரளவு கணிக்க ஒரு வழி இருக்கு.

முதல்ல டிபிஎஸ்னா என்ன? மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்முனைகளை வெச்சு, காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கிற ஒரு பேட்டரிக் கருவியோட இணைப்பாங்க. அது விடாம சின்னச் சின்ன மின்துடிப்புகளை அனுப்பிட்டே இருக்கும். 1987-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரத்தில் டாக்டர் பெனபித் குழு இதை நடுக்கத்துக்காக ஆரம்பிச்சாங்க. 1993-ல் 'சப்தலாமிக் நியூக்ளியஸ்'ங்கிற சின்னப் பகுதிக்குப் போனாங்க. இன்னைக்குப் பார்க்கின்சனுக்கு அதிகமா குறிவைக்கிற இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

கை நடுக்கம், விறைப்பு, மந்தமான அசைவு, இதுக்கெல்லாம் டிபிஎஸ் நல்லா வேலை செய்யும். நடையும் சமநிலையும்தான் சிக்கல்.

இங்கே டாக்டர்கள் நம்புற ஒரு விதி இருக்கு: லெவோடோபா மாத்திரைக்கு எது சரியாகுதோ, பெரும்பாலும் அதுதான் டிபிஎஸ்ஸுக்கும் சரியாகும். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கம்கூட டிபிஎஸ்ஸில் அடங்கலாம். இதைச் சோதிக்க, ராத்திரியிலிருந்தே மாத்திரையை நிறுத்திட்டு, காலையில நடக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. அப்புறம் மாத்திரை கொடுத்து, வேலை செய்ய ஆரம்பிச்சதும் மறுபடி நடக்கச் சொல்வாங்க. டாக்டர் மேற்பார்வையில் மட்டும் செய்யவேண்டிய சோதனை இது. வீட்ல யாரும் மாத்திரையை நிறுத்திப் பார்க்காதீங்க.

மாத்திரை இறங்கின நேரத்தில் மட்டும் கால் உறைஞ்சு, மாத்திரை ஏறினதும் நல்லா நடந்தா, டிபிஎஸ் உதவ வாய்ப்பு அதிகம். மாத்திரை முழுசா வேலை செய்யும்போதும் கால் ஒட்டிக்குது, தடுமாறி விழுறார்னா, அந்தப் பிரச்சினை ஆபரேஷனுக்குப் பிறகும் இருக்கத்தான் வாய்ப்பு. சிலருக்கு நடை இன்னும் மோசமாகியும் இருக்கு.

ஏன் இப்படி? நடையையும் சமநிலையையும் டோபமைன் மட்டும் ஓட்டலை. மூளைத்தண்டில் இருக்கிற, அசிடைல்கோலின் சுரக்கிற செல்களும் அதில் பங்கெடுக்குது. பார்க்கின்சனில் அதுவும் தேயுது. சர்வர் ஒண்ணை ரீஸ்டார்ட் பண்ணினா வேற சர்வர்ல இருக்கிற பிழை போகாது, இல்லையா? அதனாலதான் 2005 வாக்கில் மூளைத்தண்டிலேயே, 'பெடங்குலோபான்டைன் நியூக்ளியஸ்' பகுதியிலேயே மின்முனை வெச்சுப் பார்த்தாங்க. சிலருக்குப் பலன் கிடைச்சது, சிலருக்கு இல்லை. இன்னும் அது வழக்கமான சிகிச்சையா ஆகலை.

ஏற்கெனவே டிபிஎஸ் வெச்சவங்களுக்கு ஒரு விஷயம். இதோட செட்டிங்ஸை வெளியிலிருந்தே மாத்தலாம். பொதுவா 130 ஹெர்ட்ஸ் அளவில் ஓடுற கருவியை 60-க்குக் குறைச்சப்போ, சிலருக்குக் கால் உறையறது குறைஞ்சிருக்கு. ஆனா நடுக்கம் திரும்பலாம், பலன் நாளடைவில் மங்கவும் செய்யலாம். அதனால நடை கெட்டுப்போச்சுன்னா, நோய் முத்திடுச்சுன்னு நீங்களே முடிவு பண்ணாம, செட்டிங்ஸைப் பார்க்கச் சொல்லுங்க.

2023-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரக் குழு, முதுகுத்தண்டில் மின்தூண்டல் கொடுத்து ஒரு நோயாளியின் நடை மேம்பட்டதை வெளியிட்டாங்க. நம்பிக்கை தர்ற செய்திதான். ஆனா ஒரே ஒருத்தரோட முடிவு அது.

அந்த நேயருக்கு: டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. அப்பா விழுறது மாத்திரை வேலை செய்யும்போதா, இறங்கின பிறகா? அவருக்கு எந்த அறிகுறி குறையும், எது குறையாது? மூளையில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, பேச்சு குழறுதல், இந்த ஆபத்துகள் அவர் வயசுக்கு எவ்வளவு?

இதுக்கிடையில பிசியோதெரபியை விடாதீங்க. தரையில் குறுக்குக் கோடுகளா டேப் ஒட்டி, அதைத் தாண்டி நடக்கிறது, தாளத்துக்கு அடி வைக்கிறது, இதெல்லாம் உறைஞ்ச காலை நகர்த்த நிறையப் பேருக்கு உதவுது. ஆபரேஷன் பண்ணினாலும் பண்ணலைன்னாலும் இது தேவைப்படும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.