வண்டி மோதிய பிறகு

இரண்டு வண்டிகள் மோதியதும், "யார் மேல தப்பு?" என்றுதான் முதலில் குரல் உயர்கிறது. அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முதலில் அடிபட்டவரைப் பாருங்கள்.

எஞ்சினை அணைத்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். பதறிப்போய் ஓடிவருகிறவர்கள் பரிவோடு செய்கிற காரியம்தான். ஆனால் அந்தத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் திணிக்கவும் வேண்டாம். கழுத்தில் முறிவு இருந்தால் அசைப்பதே ஆபத்து.

அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவு. கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாவிட்டால், நேராகக் காவல் நிலையம் போங்கள். எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

பணத்தை நினைத்தும் தயங்காதீர்கள். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை உண்டு. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும், வெளி மாநிலத்தவருக்கும் இது கிடைக்கும்.