கார் ஷெட்டில் பிறந்த கம்ப்யூட்டர் கிளப்

(நமது குடியிருப்போர் நலச் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பராமரிப்புத் தொகை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். சிற்றுண்டிக்கு முன் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு கிளப்பின் கதையைச் சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்று ஒரு ஊர். 1975 மார்ச் 5, புதன்கிழமை. கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். அழைத்தவர்கள் அவரும் ஃபிரெட் மூர் என்ற சமூக ஆர்வலரும். கட்டாய ராணுவப் பயிற்சியை எதிர்த்து 1959-லேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உண்ணாவிரதம் இருந்தவர் மூர். கம்ப்யூட்டர் சாதாரண மனிதர் கைக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை.

அன்று எல்லோரும் பார்க்க வந்தது ஆல்டேர் 8800 என்ற பெட்டியை. விலை 400 டாலருக்கும் குறைவு. ஆனால் பாகங்களாகத்தான் வரும். நாமே பற்றவைத்துப் பூட்ட வேண்டும். கீபோர்டு கிடையாது, திரை கிடையாது. முன்னால் வரிசையாகச் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும் மட்டும். நினைவகம் 256 பைட். காலையில் நம் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு பூங்கொத்துப் படம் அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது!

இந்தப் பெட்டியைத் தனியாக உட்கார்ந்து ஓட்டுவது கஷ்டம். ஒருவருக்கு மின்சுற்று தெரியும், இன்னொருவருக்கு நிரல் எழுதத் தெரியும், மூன்றாமவரிடம் உதிரி பாகம் இருக்கும். அதனால் கிளப் தேவைப்பட்டது. 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். ஹோம்ப்ரூ என்றால் வீட்டிலேயே காய்ச்சியது என்று பொருள்.

கூட்டம் பெருகியதும் ஸ்டான்ஃபோர்டின் ஆராய்ச்சி மையம் ஒன்றின் அரங்கத்துக்கு மாறினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டம். நடத்தியவர் லீ ஃபெல்சென்ஸ்டீன். அவர் முறை எளிது. முதல் பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தனக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். அடுத்த பகுதியில் எல்லோரும் எழுந்து, தனக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசிக்கொள்ளலாம். நம்முடையதைப் போலவே அவர்களுக்கும் ஒரு செய்திமடல் இருந்தது. 1977 முடிவதற்குள் 21 இதழ்கள் வந்தன.

முதல் கூட்டத்துக்கே வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற கூச்ச சுபாவமுள்ள இளைஞர் ஒருவர். அங்கே கிடைத்த உந்துதலில் தானே ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்து, அதன் வரைபடத்தை நகலெடுத்துக் கிளப்பில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதுதான் பின்னாளில் ஆப்பிள் 1.

ஆனால் பகிர்வதிலும் ஒரு சண்டை வந்தது. ஆல்டேருக்கான பேசிக் மென்பொருள் துளையிட்ட காகித நாடாவில் வந்தது. விலைக்கு விற்ற அதைச் சிலர் நகலெடுத்துக் கிளப்பில் விநியோகித்தார்கள். எடுத்துப் போகிறவர் அடுத்த முறை கூடுதல் நகல்களோடு வர வேண்டும் என்பது நிபந்தனை! அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர் பில் கேட்ஸ். அப்போது அவருக்கு வயது 20. ஆல்டேர் வாங்கியவர்களில் 10 சதவீதம் பேர்கூடக் காசு கொடுத்து வாங்கவில்லை, எங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று 1976 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் கிளப்பின் செய்திமடலிலேயே அச்சாகியது.

யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால், வாஸ்னியாக் கொடுத்தது தன் உழைப்பை. நாடாவை நகலெடுத்தவர்கள் கொடுத்தது அடுத்தவர் உழைப்பை. இரண்டும் ஒன்றல்ல.

பிறகு உறுப்பினர்களில் பலர் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார்கள். நேற்றுவரை எல்லாவற்றையும் சொன்னவர்கள், இன்று போட்டியாளர் காதில் விழுமே என்று வாயை மூடிக்கொண்டார்கள். கடைக்குப் போய் முழுக் கம்ப்யூட்டரையே வாங்க முடிந்தபோது கிளப்பின் அவசியமும் குறைந்தது. 1986 டிசம்பரில் கடைசிக் கூட்டம் நடந்தது.

நம் வளாகத்தில் யாரும் கம்ப்யூட்டர் செய்யப் போவதில்லை. ஆனால் வங்கிச் செயலியைத் திறக்கப் பேரன் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். இரண்டு மாடி மேலே அதை ஐந்து நிமிடத்தில் சொல்லித்தரும் கல்லூரி மாணவியும் இருப்பார். ஒருவரை ஒருவர் தெரியாது, அவ்வளவுதான்.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கூட்டத்தில் முதல் கால் மணி நேரத்தை ஃபெல்சென்ஸ்டீன் முறைக்கு ஒதுக்குவோம். எனக்கு இது தெரியும், எனக்கு இது வேண்டும் என்று ஆளுக்கு ஒரு வரி. உதவ வருபவரின் நேரத்துக்கும் மதிப்பு கொடுப்போம். இரவு பத்து மணிக்கு மேல் காலிங் பெல் அடிக்க வேண்டாம்.